சுவரில் கசிந்த நீலம்

எங்கள் வீடு கொடைக்கானலைத் தாண்டி, பேத்துப்பாறைக்குப் போகும் சாலையில் ஒரு சரிவின் விளிம்பில் இருக்கிறது. கீழ்த்தளத்தில் நானும் கணவரும். மாடியில் இரண்டு அறைகளைச் சீசனுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். அவருக்குப் பஜாரில் கம்பளி, ஸ்வெட்டர் விற்கும் கடை. அறைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மே மாதம் வந்துவிட்டால் படுக்கை விரிப்பு துவைப்பதிலும் வெந்நீர் போடுவதிலும் எனக்குப் பொழுது போய்விடும்.

அந்த மே மாதம்தான் குளியலறையில் அந்தச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. மாடியில் யாராவது கழிப்பறையில் தண்ணீர் விட்டால், கீழே எங்கள் குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் ஜாலிக்குள்ளிருந்து களக் களக்கென்று காற்று முட்டிக்கொண்டு வரும். முதலில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேலே ஆள் கூடினால் குழாயில் சத்தம் வருவதுதானே என்று விட்டுவிட்டேன். பிறகு குளித்து முடித்தும் தண்ணீர் கணுக்காலைச் சுற்றி நின்றது. வடிந்தது, ஆனால் மெதுவாக, மனசில்லாமல் வடிந்தது. விடிகாலையில் சமையலறைப் பின்கதவைத் திறந்தால் ஒரு வாடை முகத்தில் மோதியது. வெயில் ஏறியதும் அது போய்விடும். அதனால் கணவர் நம்பவில்லை. அவர் எழுந்து வரும்போது வாடையே இருக்காது.

"பனிக்கு அப்படித்தான் இருக்கும். நீயா ஒண்ண நெனச்சுக்கிட்டு மூக்க உறிஞ்சுற," என்றார்.

பிளம்பரை வரவழைத்தேன். அவன் நீளக் கம்பியை விட்டுக் குடைந்தான், ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்தான். "டேங்க் நெறஞ்சிருக்கும்க்கா. லாரிக்காரங்களுக்குச் சொல்லிருங்க, உறிஞ்சிட்டா சரியாயிரும்," என்று கிளம்பிவிட்டான். சீசனில் எல்லா லாட்ஜுக்கும் அந்த லாரிதான் வேண்டும். அடுத்த வாரம்தான் வர முடியும் என்று போனில் சொன்னார்கள். கணவரும் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

எனக்கு அது பொறுக்கவில்லை. செப்டிக் டேங்க் எங்கள் பின்வாசலுக்கு வெளியே, சரிவு தொடங்கும் இடத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு குழாய் பக்கவாட்டில் போய், வேலியோரத்தில் சில்வர் ஓக் மரத்தடியில் இருக்கும் உறிஞ்சு குழியில் சேர வேண்டும். ஒரு சாயங்காலம் துணி எடுக்கப் போனபோது நின்று பார்த்தேன். கோடை மழை இன்னும் இறங்கவில்லை. மலை முழுக்கப் புல் காய்ந்து வைக்கோல் நிறத்தில் கிடந்தது. உறிஞ்சு குழி இருக்கும் இடத்து மண்ணும் காய்ந்து பொருக்கு விட்டிருந்தது. ஆனால் டேங்கின் கீழ்ப்பக்கத்தில் மட்டும், சரிவை நோக்கி, ஒரு பாய் அகலத்துக்குப் புல் கருகருவென்று தழைத்திருந்தது. கால் வைத்தேன். செருப்பு புதைந்தது.

தண்ணீர் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை, போகக் கூடாத பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள பிளம்பர் தேவையில்லை. அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று சரிவின் கீழே எட்டிப் பார்த்தேன்.

எங்கள் சரிவு ஒரு கருங்கல் தடுப்புச் சுவரில் முடிகிறது. சுவருக்குக் கீழே ஒரு தகரக் கூரை வீடு. அதில் இருப்பவள் கேரட் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிறவள். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். அவள் புருஷன் மரம் கழிக்கப் போய்க் கிளையோடு விழுந்து, கால் முழுக்க மாவுக்கட்டோடு படுத்திருந்தான். வீட்டின் பக்கவாட்டில் பாறை இடுக்கில் ஓர் ஊற்று உண்டு. குடிக்க, சமைக்க எல்லாமே அந்தத் தண்ணீர்தான்.

"சொல்ல வேணாம்னு நான் சொல்லல. நிச்சயமாத் தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லு. அரகொறையாச் சொல்லி ஊரக் கூட்டாத," என்றார் கணவர் அன்று இரவு.

நிச்சயமாகத் தெரியும்வரை அவர்கள் அதைக் குடித்துக்கொண்டிருக்க வேண்டுமா? மறுநாள் வெள்ளிக்கிழமை. விடிந்ததும் இரண்டு கேன் நிறைய எங்கள் குடிதண்ணீரைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன். அவள் ஊற்றடியில் குடத்தை விளக்கிக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, இந்தத் தண்ணிய இப்போதைக்குக் குடிக்காத," என்றேன்.

"ஏங்க்கா?"

"எங்க டேங்க்ல என்னமோ கோளாறு. தண்ணி இந்தப் பக்கம் எறங்குதோன்னு சந்தேகமா இருக்கு."

அவள் குடத்தைக் கீழே வைத்தாள். "எம்புட்டு நாளா?"

"சத்தம் ஒரு வாரமாக் கேக்குது. ஈரத்த நேத்துத்தான் பாத்தேன்."

"ஒரு வாரமா! இந்தத் தண்ணியிலதான அந்த மனுசனுக்குக் கஞ்சி காச்சிக் குடுத்துட்டு இருக்கேன். உங்க மாடியில எங்கெங்கேருந்தோ வந்து குளிச்சிட்டுப் போறாக. அந்த அழுக்க நாங்க குடிக்கணுமா?"

நான் கேன்களைத் திண்டில் வைத்தேன். அவள் தொடவில்லை.

"உங்க தண்ணி எனக்கு வேணாம். இந்த ஊத்துல வாரது உங்க வீட்டுதுதானான்னு மொதல்ல காமிங்க. அதுக்கப்புறம் பேசுறேன்."

கேட்டது நியாயம்தான். முன்பொருமுறை எங்கள் மொட்டைமாடித் தொட்டி எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமல், அதில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கலந்து கண்டுபிடித்தோம். அதையே செய்து பார்க்கலாம் என்று சொன்னேன். அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

மேலே வந்து, வீட்டிலிருந்த நீல பாட்டில்கள் எல்லாவற்றையும் கழிப்பறையில் கொட்டி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். ஊற்ற ஊற்றப் பீங்கான் நிறைந்து விளிம்பு வரை வந்து நின்றது. பிறகு ஒரு ஏப்பம் விட்டு உள்ளே போனது. கணவர் கடைக்குக் கிளம்பும்போது எட்டிப் பார்த்தார். மண் வழியாக ஊறிப் போகும் தண்ணீரில் சாயம் பாதியிலேயே வடிகட்டி நின்றுவிடும் என்று தொட்டிக் கசிவின்போது கொத்தனார் சொல்லியிருந்தார். நீலம் நீலமாகவே வெளியே வந்தால், உள்ளே மண்ணே இல்லாமல் ஒரு பாதை திறந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பேச்சு இப்போது திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

ஊற்றடியில் ஒரு கல்லில் நான், எதிர்க்கல்லில் அவள். இடையில் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு. கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் அவள் தட்டில் தண்ணீர் பிடிப்பாள், இருவரும் குனிந்து பார்ப்போம், கொட்டிவிடுவாள். அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. காலை முழுவதும் இப்படியே போயிற்று. நடுவில் நான் மேலே போய் மாடிக்காரர்களுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுத் திரும்பினேன். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. மதியம் மேற்கே வானம் இருண்டு வந்தது. அந்த வருஷத்தின் முதல் மழை. எல்லோரும் எதிர்பார்த்திருந்த மழை.

"நெறம் ஒண்ணும் வரலக்கா," என்றாள் அவள் கடைசியில். குரல் இளகியிருந்தது. "எனக்கும் உசுரு வந்துச்சு. மழ எறங்குறதுக்குள்ள மாட்டுக்குப் புல்லுப் போட்டுட்டு வாரேன்."

நானும் பெருமூச்சு விட்டுக் கேன்களை எடுக்கக் குனிந்தேன். அப்போது வீட்டின் பின்பக்கத்திலிருந்து அவள் கத்தினாள்.

"அக்கா! இங்கிட்டு வாங்க! வெரசா வாங்க!"

தடுப்புச் சுவருக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே ஒரு மாட்டுக் கொட்டகை. சுவரையே ஒரு பக்கமாக வைத்துத் தகரம் போட்டிருந்தார்கள். அவள் புல்கட்டைக் கையில் பிடித்தபடி சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். என் தலைக்கு மேல் இன்னோர் ஆள் உயரச் சுவர் அது. தண்ணீர் வடிவதற்காக வைத்திருந்த குழாய்களின் வாய்களில் மண் இறுகிக் கிடந்தது. ஒரு சொட்டு இல்லை. ஆனால் இடுப்பு உயரத்தில், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலிருந்து நீலம் இறங்கிக்கொண்டிருந்தது. மங்கலாக அல்ல. காலையில் நான் ஊற்றியதே அப்படியே வந்தது போல. கோடு கோடாக இறங்கி, மாட்டின் குளம்படியில் தேங்கியிருந்தது.

நான் பக்கவாட்டில் போய்ச் சுவரின் நீளத்தைப் பார்த்தேன். நடுவில் அது வயிறு தள்ளி நின்றது.

"இது எப்பவுமே இப்படித்தானா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. நேரா நின்ன செவுருல்ல இது."

கல்லில் கை வைத்தேன். சில்லென்று இருந்தது. எங்கோ உள்ளே ஒரு சிறுகல் நழுவிச் சுவருக்குள்ளேயே உருண்டு போகும் சத்தம் கேட்டது. காலையிலிருந்து நாங்கள் குடிதண்ணீரைக் காவல் காத்துக்கொண்டிருந்தோம். சுவரை யாரும் நினைக்கவில்லை. சுவருக்குப் பின்னால் எத்தனை நாள் தண்ணீர் சேர்ந்து மண் எவ்வளவு கனத்திருக்கிறதோ, அதன் மேல்தான் இப்போது மழை பெய்யப் போகிறது. கொட்டகையின் மறுபக்கச் சுவருக்கு அந்தப் பக்கம், உள் அறையில், அவள் புருஷன் படுத்திருந்தான்.

இடி உருண்டது.

"உன் வீட்டுக்காரர வெளிய கொண்டாந்துரு. நான் ஆள் கூட்டிட்டு வாரேன்," என்று சொல்லிவிட்டு மேட்டில் ஓடினேன். ஓடிக்கொண்டே கணவருக்குப் போன் போட்டேன். அவர் எடுக்கவில்லை. ஜும்ஆ தொழுகை நேரம். பள்ளிவாசலில் போனை அமர்த்தி வைத்திருப்பார். முதலில் சுவருக்குள் போகும் தண்ணீரை நிறுத்த வேண்டும். மொட்டைமாடிக்கு ஏறித் தொட்டியின் கேட் வால்வைத் திருகினேன். துருப்பிடித்து அசைய மறுத்தது. முந்தானையைச் சுற்றிக்கொண்டு இரண்டு கையாலும் இறுக்கினேன். நின்றது. உடனே மாடியறைக் கதவு திறந்தது. கோயம்புத்தூரிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தவர், தலை முழுக்கச் சோப்பு நுரையோடு நின்றார்.

"என்னங்க இது? குளிச்சுட்டிருக்கறப்பத் தண்ணிய நிறுத்தறீங்க?"

"கீழ ஒரு வீடு இருக்கு சார். அது மேல செவுரு விழப் போகுது. உள்ள நடக்க முடியாதவர் ஒருத்தர் இருக்கார். தூக்க ஆள் வேணும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். துண்டால் தலையை ஒரு துடை துடைத்தார், சட்டையை மாட்டினார், பக்கத்து அறையில் இருந்த தம்பியைக் கூப்பிட்டார். எங்கள் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு மூன்று பேரும் இறங்கினோம். மழையின் முதல் துளிகள் தகரத்தில் விழ ஆரம்பித்தன.

அவள் புருஷன் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தான். "மாட்ட அவுத்து விடுங்க மொதல்ல. அப்புறந்தான் நான் வருவேன்."

"மாட்ட நான் பாத்துக்கிறேன். நீ கெளம்புய்யா!" என்று அவள் அவன் கைகளைப் பிரித்துவிட்டாள். அண்ணனும் தம்பியும் அவனை நாற்காலியில் வைத்துத் தூக்கினார்கள். மாவுக்கட்டுக் கால் முன்னே நீட்டிக்கொண்டிருக்க, வழுக்கும் பாதையில் அவர்கள் ஏறினார்கள். அவன் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

அவள் கொட்டகைக்கு ஓடினாள். நானும் போனேன். மாடு கழுத்தை இழுத்துக்கொண்டு நின்றதில் முடிச்சு இறுகியிருந்தது. கயிறு நனைந்து பிரிய மறுத்தது. அவள் நகத்தால் நெம்பினாள். சுவரின் கோடுகள் இப்போது நீலமாக இல்லை. செம்மண் கலந்து கலங்கி, கோடு வாய்க்காலாகி வழிந்தது. நான் கூரை இடுக்கிலிருந்த அரிவாளை உருவிக் கயிற்றில் வைத்து இழுத்தேன். அறுந்தது. மாடு அசையவில்லை. நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு கண்ணை உருட்டியது. அவள் அதன் வாலை முறுக்கினாள், நான் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்தேன். ஒரு கணம் எதுவும் நடக்கவில்லை. பிறகு மாடு என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தது. நான் சேற்றில் விழுந்து எழுந்தேன்.

எங்கள் முன்வாசலுக்கு வந்தபோது மழை சாய்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. அவனைப் பெஞ்சில் கால் நீட்டி உட்கார வைத்திருந்தார்கள். எல்லோரும் வீட்டின் பக்கவாட்டு வழியாகக் கீழே தெரிந்த தகரக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். சுவர் நின்றது. நேரம் போயிற்று. அப்போதும் நின்றது. எனக்கே சந்தேகம் வந்தது. ஒன்றுமில்லாததற்கு மாவுக்கட்டுக் காலோடு ஒரு மனிதனை மழையில் தூக்கி வந்தோமோ?

அவள் எழுந்தாள். "அடுப்புல கஞ்சி கெடக்குக்கா. துணிமணி, மாத்திர எல்லாம் உள்ள இருக்கு. ஒரு எட்டுப் போய் எடுத்துட்டு வந்துர்றேன்."

"போகாத."

"செவுருதான் நிக்கிதுல்ல. இந்தா வந்துர்றேன்."

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். அவள் உதறினாள். நான் விடவில்லை. "கைய விடுங்கக்கா! காலையிலேருந்து நீங்க சொல்றதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன். எங்க வீடு, எங்க பொருளு!" என்று கத்தினாள். நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவள் என்னைப் படி வரைக்கும் இழுத்துக்கொண்டு போனாள்.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. லாரியிலிருந்து மொத்தமாகக் கல் கொட்டியது போல ஒரே ஒரு சரிவு. கொட்டகைத் தகரம் மடங்கி உள்ளே போனதைப் பார்த்தோம். உள் அறையின் கூரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிறகு மழைச் சத்தம் மட்டும். கொஞ்ச நேரத்தில் வாடை மேலே ஏறி வந்தது. அவள் இழுப்பதை நிறுத்தியிருந்தாள். என் கைகள் மட்டும் பிடியை விடத் தெரியாமல் இருந்தன.

பெஞ்சிலிருந்து அவள் புருஷன் கேட்டான். "எங்க விழுந்துச்சு?"

"கட்டில் மேல," என்றாள்.

கணவர் தவறிய அழைப்புகளைப் பார்த்துவிட்டு நனைந்துகொண்டே வந்து சேர்ந்தார். நேராகப் பின்வாசலுக்குப் போனவரைக் கத்தி நிறுத்தினேன். டேங்கின் கீழ்ப்பக்க மண் முழுதும் போய், அதன் சுவர் அந்தரத்தில் நின்றது. மேலே மூடியிருந்த சிமெண்ட் சிலாப்பு எந்த நேரமும் போகலாம். அவர் அங்கிருந்தே கீழே மடங்கிக் கிடந்த தகரத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி வந்து பெஞ்சில் இருந்தவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"மாடி ரூம்ல இருந்துக்கங்க. வீடும் செவுரும் கட்டி முடிக்கிற வரைக்கும். அது எங்க பொறுப்பு," என்றார்.

"இருக்கத்தான் போறோம். வேற எங்கிட்டுப் போறது?" என்றாள் அவள்.

மழை விட்டு மண் இறுகிய பிறகு லாரி வந்தது. சாலையிலேயே நிறுத்தி, நீளக் குழாய்களை ஒன்றோடொன்று இணைத்து, மிச்சமிருந்ததை உறிஞ்சினார்கள். அடியில் சகதி தங்கியிருந்தது. லாரியோடு வந்த ஆள் சட்டையைக் கழற்றினார்.

"உள்ள யாரும் எறங்கக் கூடாது," என்றேன்.

"ரெண்டு நிமிசம்க்கா. அள்ளிப் போட்டுட்டா சோலி முடிஞ்சுரும். எத்தனையோ டேங்க்ல எறங்கியிருக்கேன்."

"அந்த ரெண்டு நிமிசத்துலதாண்ணே ஆளு போகுது. நீங்க எறங்குறதா இருந்தா இந்த வேலையே வேணாம்."

அவருக்குக் கோபம். கணவரைப் பார்த்தார். கணவர், "அவ சொன்னா சொன்னதுதான்," என்றார். கடைசியில் மேலிருந்தே தண்ணீரைப் பாய்ச்சிக் கலக்கி உறிஞ்சினார்கள். நேரம் பிடித்தது, முணுமுணுப்பும் இருந்தது. ஆனால் முடிந்தது.

பிறகு கொத்தனார் வெளியிலிருந்தே டேங்கை இடித்துக் காட்டினார். உறிஞ்சு குழிக்குப் போக வேண்டிய குழாய்க்குள் சில்வர் ஓக் வேர் புகுந்து, துடைப்பம் போலச் சடைத்து அடைத்திருந்தது. போக வழியில்லாத தண்ணீர் டேங்கிலேயே ஏறி, கீழ்ப்பக்கச் சுவரில் ஒரு விரிசல் கண்டு, அதையே வாசலாக்கிக்கொண்டது. ஏறிய தண்ணீர்தான் குளியலறைக்குள் காற்றைத் தள்ளியது. விரிசலில் வழிந்ததுதான் புல்லைத் தழைக்க வைத்தது. எல்லாமே ஒன்றுதான், ஒவ்வொன்றாக வெளியே தெரிந்திருக்கிறது.

புதிய டேங்கைச் சாலைப் பக்கம், சரிவிலிருந்து தள்ளிக் கட்டினோம். அதற்குள் நடுவில் ஒரு தடுப்பு, மேலே எட்டிப் பார்க்க ஒரு மூடி. தடுப்புச் சுவரை அடியிலிருந்து எடுத்துக் கட்டினோம். அந்தச் சீசன் முழுக்க மாடிக்கு வேறு ஆள் வைக்கவில்லை. கோயம்புத்தூர்க்காரர் ஊருக்குப் போன பிறகும் அவ்வப்போது போன் செய்து, காலில் கட்டுப் போட்டவர் எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார்.

அவர்கள் மாடியில் இருந்த நாட்களில் அவள் என்னிடம் தேவைக்கு மட்டுமே பேசினாள். தனியாகச் சமைத்தாள். நான் கொண்டுபோய்க் கொடுத்த குழம்பைச் சில நாள் வாங்கிக்கொண்டாள், சில நாள் மூடியபடியே திருப்பி அனுப்பினாள். நானும் வற்புறுத்தவில்லை. வீடு தயாராகி அவர்கள் இறங்குகிற அன்று அவள் புருஷன் கைத்தடியோடு தானே நடந்து போனான். அவள் புதுக் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் நின்றாள்.

"கோவம் இன்னும் முழுசாப் போகலக்கா," என்றாள்.

"போகலைன்னா இருக்கட்டும்," என்றேன்.

"சரி, அந்தப் பக்கம் பிடிங்க. பாத்து, படி வழுக்கும்."

நான் மறுமுனையைத் தூக்கினேன். இரண்டு பேருமாகக் கட்டிலை மெதுவாகக் கீழே இறக்கினோம்.